மூன்று முழுக்கு, இரண்டு டிரெய்லர்: ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை

வழக்கமாக இந்த வலைப்பூவில் பைக், மலை, மைலேஜ் என்றுதான் எழுதுவேன். இந்த முறை இருபது கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பயணம். எழுதக் காரணம், சென்னைக்கு ஊழிய அழைப்பு வந்திருக்கும் மூன்று தம்பிகள். "அண்ணா, வடசென்னை எப்படி இருக்கும்? பயமா இருக்குமா?" என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. எல்லோருக்கும் சேர்த்து இதோ.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நான் மார்மன் சபையைச் சேர்ந்தவன். எங்கள் சபையில் இளைஞர்கள் படிப்பையும் வேலையையும் நிறுத்திவிட்டு இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவார்கள். சம்பளம் கிடையாது. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை. எப்போதும் இரண்டு பேராகத்தான் நடக்க வேண்டும். இருவருக்குமே 'எல்டர்' என்று பட்டம். ஓமலூரில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த நான் கடைசி ஐந்து மாதங்கள் ராயபுரத்தில் இருந்தேன். என்னோடு இருந்தவர் ராஜமுந்திரிக்காரரான எல்டர் பிரசாத். அவர் தமிழ் கற்றது முழுக்க லாரி டிரைவர்களிடம். அதனால் தெலுங்கு வாசனையோடு மெட்ராஸ் பாஷை பேசுவார்.

நான் சொல்லப்போவது பிப்ரவரி கடைசியில் வந்த ஒரு சனிக்கிழமை. அடுத்த செவ்வாய் என் ஊழியம் முடிகிறது, ஊருக்கு ரயில். அதற்குள் ஒரே ஒரு வேலை பாக்கி. டில்லி அண்ணனுக்கு ஞானஸ்நானம்.

டில்லி அண்ணன் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். மணலி, மாத்தூர் பக்கமிருக்கும் யார்டுகளில் பெட்டியை ஏற்றி, எர்ணாவூர் வழியாகக் கடலோரச் சாலைக்கு வந்து, தெற்கே துறைமுக வாசல் வரை போவதுதான் வேலை. தூரம் குறைவு. ஆனால் வரிசை இருக்கிறதே! சில நாள் துறைமுக வாசலிலிருந்து எர்ணாவூர் வரை ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு அரை கிலோமீட்டர் நகர்ந்தால் அதிர்ஷ்டம். டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி, அங்கேயே சவரம் செய்துகொள்வார்கள். வரிசையை விட்டு வண்டி விலகினால் திரும்பக் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

நவம்பரில் தண்டையார்பேட்டை பக்கம் அந்தச் சாலையோரமாக நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு குரல்.

"இன்னா நைனா, மருந்து கம்பெனியா? இந்த வெயில்ல டை கட்டிக்கினு எந்த டாக்டர தேடறீங்க?"

"டாக்டர் இல்லண்ணா. ஊழியம்."

"அப்ப ஏறி குந்து. வண்டி எப்டியும் நவுறாது. இன்னா ஏதுன்னு சொல்லு, கேப்போம்."

நாங்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதில்லை. கூப்பிட்டால்தான் போவோம். இவர் கூப்பிட்டார், ஏறினோம். அன்றிலிருந்து வாரம் ஒரு முறை, வரிசையில் அவர் வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் கேட்டு, அங்கே போய் கேபினில் உட்கார்ந்து பாடம் எடுப்போம். வகுப்பறை நகர்ந்துகொண்டே இருக்கும். பாடம் தொடங்கும்போது திருவொற்றியூர் தேரடிக்கு நேராக இருந்தால், முடியும்போது ஒரு பர்லாங் தெற்கே இருப்போம்.

எனக்குப் படம் போட்டுச் சொல்லித்தான் பழக்கம். பிறப்புக்கு முன் நாம் கடவுளோடு இருந்தோம், பிறகு பூமி, பிறகு திரும்பவும் அவரிடம் போகிறோம் என்பது எங்கள் நம்பிக்கை. டேஷ்போர்டுத் தூசியில் விரலால் மூன்று வட்டம் வரைந்து அம்புக்குறி போட்டேன். டில்லி அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது யார்டு. இது ரோடு. இது கப்பலு. கரெக்ட்டா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப நாம பொறந்ததே இந்த க்யூவுல நிக்கத்தானா? நல்ல பேஜாரு தம்பி இது!"

அவர் சிரித்த சிரிப்பில் பிரசாத்துக்கும் எனக்கும் அடுத்த வரி மறந்துபோனது.

நான்காவது வாரம் அவராகவே ஒன்று கேட்டார். அவருக்கு மோனிஷா என்று ஒரு மகள். நான்கு வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டாள், ஆறு வருடம் ஆகிறது. துக்கத்துக்கு வந்த ஒருவர், "உன் பாவந்தான் புள்ளைய தூக்கினு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அவர் அந்தப் பெயரையே வீட்டில் எடுத்ததில்லை.

"அவளுக்கு முழுக்கு கிழுக்கு எதுவும் பண்ணல. உங்க கணக்குப்படி அவ எங்க கீறா?"

எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. "அந்த ஆள் சொன்னது பொய்ணா. எட்டு வயசுக்குள்ள செத்துப்போற குழந்தைக்குப் பாவமே கிடையாது. ஞானஸ்நானமும் வேண்டாம். அவ நேரா கடவுள்கிட்ட போயிட்டா. நீங்க மறுபடி அவளைப் பாக்கலாம், அப்பாவாவே பாக்கலாம். எங்க சபையில இதுல ரெண்டு கருத்து கிடையாது."

அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார். முன் வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் ஹாரன். இவர் கை அசையவில்லை. பின் வண்டியிலிருந்து காசிம் பாய் இறங்கி வந்தார். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். பத்து வருடமாக டில்லி அண்ணனும் அவரும் வரிசையில் முன்னும் பின்னுமாகத்தான் நிற்பார்கள்.

"யோவ் டில்லி! லைன் நவுந்து எம்மா நேரமாச்சு, நீ இங்க குந்திக்கினு சினிமாவா பாக்கற?"

கதவைத் திறந்தவர் டில்லி அண்ணன் முகத்தைப் பார்த்தார். "தள்ளு" என்று மட்டும் சொல்லி ஏறி, வண்டியை முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இறங்கி நடந்து போய்த் தன் வண்டியையும் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ரெண்டு பேருக்குமே எல்டர்னு பேரா? அண்ணன் தம்பியா?" என்று போகிற போக்கில் எங்களை விசாரித்தார். விளக்கினேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அன்று ராயபுரம் திரும்பும்போது பஸ்ஸில் நானும் பிரசாத்தும் பைத்தியக்காரர்கள் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தோம். ஒரு வாரமாக ஓடாமல் கிடந்த மோட்டார் சுவிட்சைத் தட்டியதும் ஓடினால் ஒரு சந்தோஷம் வருமே, அதுதான். என்ன வித்தியாசம் என்றால், இந்த மோட்டாரை ஓடவைத்தது நான் இல்லை. பக்கத்தில் நிற்கக் கிடைத்தது, அவ்வளவுதான். ஊழியத்தில் இதைவிடப் பெரிய கூலி எதையும் நான் பார்க்கவில்லை.

டிசம்பரில் டில்லி அண்ணன் குடியை விட்டார். ஜனவரியில் பீடியை விட்டார். டீயும் எங்களுக்கு ஆகாது, பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் விட்டார். ஒன்றுதான் வரவில்லை. வாய்விட்டு ஜெபம் செய்ய மாட்டேன் என்றார். "நம்ம பாஷை கலீஜ் தம்பி. சாமியாண்ட இப்டி பேசினா அடிச்சி தொரத்திருவாரு." பிரசாத் அவருக்குச் சபைத் தமிழில் ஒரு ஜெபம் சொல்லிக்கொடுத்தார். அதை மனப்பாடம் செய்தார். ஆனால் ஆமென் மட்டும்தான் வெளியே கேட்கும்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஞானஸ்நானத்துக்குச் சபைக் கட்டடத்தில் ஓடு பதித்த தொட்டி இருக்கிறது. நகரத்தின் இன்னொரு பக்கம், போக ஒன்றரை மணி நேரம். நான் ஊருக்குக் கிளம்புவதற்குள் அந்தத் தொட்டி கிடைப்பது அன்று ஒரு நாள்தான், மாலை நான்கு மணிக்கு எல்லாம் ஏற்பாடு. காலை ஒன்பது மணிக்கு போன் அடித்தது.

"தம்பி, மாட்டிக்கினேன். எர்ணாவூர்ல நிக்கறேன். நாளைக்கு கப்பலு. இன்னிக்குள்ள பெட்டி உள்ள போவணும். லைன வுட்டு எறங்க முடியாது."

"வேற டிரைவர் கிடைக்கமாட்டாரா?"

"சனிக்கெயமையில யாரு வருவா? எல்லாரும் இங்கதான் நிக்கறானுங்கோ."

"அப்ப அடுத்த வாரம் வச்சுக்கலாம். எல்டர் பிரசாத் முழுக்கி எடுப்பார்."

"மோனி எங்க கீறான்னு எனக்கு சொன்னது நீ. நீதான் முழுக்கணும். இல்லாங்காட்டி எனக்கு வேணாம்."

கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, வரிசைமேல். எட்டு கிலோமீட்டர், மணிக்கு அரை கிலோமீட்டர். கணக்குப் போட்டால் நடுராத்திரி தாண்டிவிடும். அப்போதுதான் பிரசாத் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அவரு பக்கத்துலதான் கடல் கீதே எல்டர்" என்றார்.

எங்கள் கிளைத் தலைவர் ஸ்டீபன் அண்ணனுக்கு போன் போட்டேன். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை, அன்று அவருக்கு விடுப்பு. அவர் மேலிடத்தில் கேட்டு அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். கடல் போதும், முழு உடம்பும் தண்ணீருக்குள் போக வேண்டும், சாட்சிக்குச் சபையார் இரண்டு பேர் வேண்டும், ஆழத்துக்குப் போகக் கூடாது. வெள்ளை உடைப் பையோடு ஸ்கூட்டரில் வந்துவிடுகிறேன் என்றார்.

பயண விவரம்: ராயபுரம் ஸ்டேஷனில் பத்தரை மணி மின்சார ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். திருவொற்றியூருக்கு இருபது நிமிடம். கொருக்குப்பேட்டையில் வண்டி சும்மா நிற்கும், பதறாதீர்கள். அங்கிருந்து எர்ணாவூருக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். கடலோரச் சாலையில் இறங்கினால் இடது வலது குழப்பமே வராது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கன்டெய்னர் சுவர். டீசல் புகை, மீன், கருவாடு, காற்று திரும்பினால் ரசாயன நெடி. அழகான இடம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெயிலில் சிவப்பு, நீலம், பச்சைப் பெட்டிகள் கண்ணுக்கெட்டியவரை நிற்பதும், அதற்குப் பின்னாலேயே அலை அடிப்பதும் வேறெங்கும் பார்க்க முடியாது.

வண்டியைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டு. டில்லி அண்ணன் குளித்து, தலை வாரி, ஸ்டீயரிங் முன்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். யோசனையைச் சொன்னேன். கண் விரிந்தது, உடனே சுருங்கியது.

"லைன் நவுந்தா?"

பின்னாலிருந்து வந்த காசிம் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நவுந்தா இன்னா? உன் வண்டிய ஒரு தபா, என் வண்டிய ஒரு தபா. எனக்கு ரெண்டு காலு கீதுல்ல?"

"பாய், உனக்கு எதுக்கு இந்த கஷ்டம்..."

"அரே, நீ முழுவுறது உன் சாமிக்கு. நான் வண்டி ஓட்டறது என் தோஸ்துக்கு. ரெண்டயும் கொயப்பிக்காத. போ."

ஒரு மணிக்குள் ஸ்டீபன் அண்ணன் வந்துவிட்டார். கூடவே டில்லி அண்ணன் மனைவி அமுதா அக்காவும் கையில் துண்டோடு வந்தார். வீடு அங்கேயே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில். நேராக என்னிடம்தான் வந்தார்.

"குடிய வுட்டாரு, நீ நல்லா இருப்ப. பீடிய வுட்டாரு, அதும் சரி. டீய எதுக்குப்பா வுடச் சொன்ன? காலைல நான் யார் கூட குந்தி டீ குடிக்கறது?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"பாலு குடிங்கோக்கா" என்றார் பிரசாத்.

"நீ கம்முனு இரு!" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் சேர மாட்டேன். எனக்கு மாரியாத்தா கீறா. ஆனா ஆறு வருசமா புள்ள பேர வாயில எடுக்காத மனுசன், இப்போ டெய்லி சொல்றாரு. அதுக்கோசரம்தான் வந்தேன்."

அந்தக் கரை நெடுகக் கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கடலுக்குள் கொட்டி, தூண்டில் வளைவு என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு வளைவுக்கு நடுவே அலை கொஞ்சம் சாந்தமாக இருக்கும். இடுப்பளவு தண்ணீர் இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஊழியக்காரர்கள் இரண்டு வருடம் நீச்சலடிக்கவே கூடாது என்பது விதி. தண்ணீரில் கால் வைக்கலாம் என்றால் அது ஞானஸ்நானம் கொடுக்க மட்டும்தான். எனக்கு அந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை. ஓமலூரில் கடலும் இல்லை, ஏரியில் தண்ணீரும் இல்லை.

"தம்பி, நீச்சல் தெரியுமா?" என்று சாலையிலிருந்து காசிம் பாய் கத்தினார்.

"தெரியாது பாய்!"

"டில்லி! மொதல்ல அவன தூக்கி கரைல போடறதுக்கு ரெடியா இரு. அப்பால நீ முழுவு!"

வெள்ளை உடையில் இரண்டு பேரும் இறங்கினோம். ஒரு கையை உயர்த்தி, முழுப் பெயரைச் சொல்லி, அதற்கென்று உள்ள வாசகத்தை அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டு, ஆளைப் பின்னால் சாய்த்து முழுக்கித் தூக்க வேண்டும். நான் கையை உயர்த்தினேன். நான்கு மாதப் பழக்கம். வாயில் வந்தது "டில்லி அண்ணன்". முழுக்கியும் எடுத்துவிட்டேன்.

"முழுப் பேர்! முழுப் பேர் சொல்லணும் எல்டர்!" கரையிலிருந்து ஸ்டீபன் அண்ணன்.

இரண்டாவது முறை பெயர் சரி, வாசகம் சரி. ஆனால் உடைக்குள் காற்றுப் புகுந்து பலூன் மாதிரி உப்பிவிட்டது. உடம்பு உள்ளே போக, கால் வெளியே.

"கால் கட்டவெரல் மேல வந்துச்சி எல்டர்!" பிரசாத் குதித்தார். "நான் பாத்தேன்! செல்லாது!"

"ஒரு விரல்தானே!"

"சாட்சி நானு. செல்லாதுன்னா செல்லாது!"

அவர் சொன்னது சரிதான். எந்த மெஷின் வரைபடத்திலும் இவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்று ஒரு டாலரன்ஸ் கொடுப்பார்கள், இதில் பூஜ்யம். டில்லி அண்ணன் உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. காசிம் பாய் டில்லி அண்ணன் வண்டியை எடுத்து முன்னால் நிறுத்தி, இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வண்டிக்கு ஓடினார். பின்னால் இருந்தவர்கள் ஹாரனால் திட்டினார்கள். சட்டென்று முடித்துவிட வேண்டும் என்று டில்லி அண்ணன் தோளைப் பிடித்தேன்.

"அவசரப்படாத நைனா." அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இந்த அலை வேணாம். காத்த வெளிய வுட்டுக்கறேன், இரு. அடுத்ததும் வேணாம்."

நின்றோம். ஒரு அலை போனது. இன்னொன்று மார்பில் மோதிவிட்டுப் போனது. தண்ணீர் சமமானது. "இப்போ" என்றார். "ஏழுமலை தில்லிபாபு" என்று தொடங்கினேன். உள்ளங்கையில் அவர் முதுகின் எடை முழுவதும் இறங்கியது. தலை, மார்பு, முழங்கால், கட்டைவிரல், எல்லாம் தண்ணீருக்குள்.

மேலே வந்தார். பிரசாத் இரண்டு கையையும் தூக்கினார். ஸ்டீபன் அண்ணன் தலையசைத்தார். அமுதா அக்கா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

காசிம் பாய் தன் கேபினில் ஏர் ஹாரனை அழுத்தினார், விடவே இல்லை. முன் வண்டிக்காரர் என்னவோ ஏதோ என்று தானும் அடித்தார். "கேட் தெறந்துட்டான்டோய்!" என்று யாரோ கத்த, இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உறுமின. கண்ணுக்கெட்டியவரை அந்தச் சாலை முழுக்க ஹாரன். எந்த கேட்டும் திறக்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து வரிசை நிஜமாகவே நகர்ந்தது. டில்லி அண்ணன் ஈர வெள்ளை உடையோடு வெறுங்காலில் ஓடி வண்டியில் ஏறினார்.

"பிரதர்! டிரெஸ் சபையோடது!" ஸ்டீபன் அண்ணன் பின்னால் ஓடினார்.

"நாளைக்கு தோச்சி எட்தாறேண்ணே!"

அமுதா அக்கா துண்டைச் சுருட்டி கேபினுக்குள் எறிந்தார். "தலைய தொவட்டிக்கோய்யா, சளி புடிச்சிக்கும்!"

சொன்னபடி டில்லி அண்ணன் மறுநாள் ஞாயிறு ஆராதனைக்கு வந்துவிட்டார். பெட்டியை இறக்கிவிட்டு நேராகக் குளித்துக் கிளம்பியிருக்கிறார். உடை துவைத்து மடித்திருந்தது. முழங்காலில் மட்டும் ஒரு கிரீஸ் கறை. எந்தச் சோப்புக்கும் அது போகாது, எனக்குத் தெரியும்.

தம்பிகளே, போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. கிண்டல் செய்வார்கள், சாப்பிட்டாயா என்றும் அவர்களேதான் கேட்பார்கள். டீ வேண்டாம் என்பதை முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் வருத்தப்படுவார்கள். கடலோரச் சாலைக்குக் காலை பத்து மணிக்குள் போங்கள், தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். கடலில் இறங்குவதாக இருந்தால் ஊர்க்காரர் துணையில்லாமல் இறங்காதீர்கள். உடையில் காற்று நிற்கும், முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். முழுப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அலைக்காகக் காத்திருங்கள், எனக்கே முடிந்தது என்றால் உங்களுக்கும் முடியும்.

இன்னொன்று. ஜெபம் சொல்லிக்கொடுக்கும்போது யாருடைய பேச்சையும் திருத்தாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவு ஜெபத்துக்கு ஸ்டீபன் அண்ணன் டில்லி அண்ணனைக் கூப்பிட்டார். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். எழுந்து போனார். பிரசாத் சொல்லிக்கொடுத்ததன் முதல் வரியைத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார். பிறகு காசிம் பாயிடம் பேசுவது போலவே பேசினார்.

"நைனா, இன்னிக்கு எல்லாரும் நல்லா கீறோம். பாய் நேத்து எனக்கோசரம் சாப்புடக்கூட இல்ல, அவர பாத்துக்கோ. இந்தத் தம்பி ஊருக்கு போறான், பத்திரமா கொண்டு போய் சேத்துடு. அப்பால, மோனியாண்ட சொல்லு. அப்பா வந்துகினு கீறேன்னு சொல்லு. வழியில கொஞ்சம் க்யூ கீது, அவ்ளோதான்."